மாமாவின் காரும் அப்பாவின் மூச்சும்

மாமா கார் வாங்கிவிட்டார் என்று தெருவில் சொன்னார்கள். வாங்கவில்லை. கப்பல் ஏஜெண்ட் ஒருவர் வீட்டுக் கொட்டகையில் அது வெகுநாளாகக் கிடந்தது. கொட்டகையை இடிக்கப்போகிறோம், வேண்டும் என்கிறவன் இழுத்துக்கொண்டு போகலாம் என்றார்கள். மாமா போனார். ஆறு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வாசலில் நிறுத்திக் கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு கோழி இறங்கிப் போனது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தூத்துக்குடியில் கடலை ஒட்டிய தெரு எங்களுடையது. நாலு வீட்டில் சைக்கிள் இருந்தது. கார் யாருக்கும் இல்லை.

கறுப்புக் கார். மாமாவைவிட அதற்கு வயது கூட. இன்ஜின் மூடி நடுவில் மடியும். கோழி இறக்கையைத் தூக்குகிற மாதிரி எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கம் தூக்கலாம். ஓடவில்லை என்பதைத் தவிர அதில் ஒரு குறையும் இல்லை என்று மாமா சொன்னார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அம்மாவுக்கு ஒரே தம்பி. அப்பா சங்கு குளிக்கிறவர். மாமா அப்பாவுக்குக் கயிறு பிடிக்கிறவர்.

அது என்ன வேலை என்று சொல்ல வேண்டும். சங்கு எடுக்கக் கடலுக்குள் முங்குகிறவன் இடுப்பில் கயிறு கட்டியிருக்கும். மறுமுனை வள்ளத்தில் ஒருவன் கையில் இருக்கும். கீழேயிருந்து கயிற்றைச் சுண்டி ஒரு வெட்டு வெட்டினால் மேலே இருப்பவன் இழுக்க வேண்டும். எங்கள் ஆட்கள் அந்தக் கயிற்றைக் கண்டவன் கையில் கொடுக்க மாட்டார்கள். கூடப்பிறந்த அண்ணன் தம்பி கையிலும் கொடுக்க மாட்டார்கள். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன் கையில்தான் கொடுப்பார்கள். அண்ணன் தம்பி கயிற்றை விட்டால் அவனுக்குப் பங்கு வரும். மச்சினன் விட்டால் அவன் அக்காள் தாலி போகும். அதனால் விடமாட்டான்.

மாமா பன்னிரண்டு வருஷம் விடவில்லை. பன்னிரண்டு வருஷமும் வாந்தி எடுத்தார். போகும்போது பாட்டுப் பாடிக்கொண்டு போவார். வரும்போது கதை சொல்லிக்கொண்டு வருவார். அப்பா தண்ணீருக்குள் தலையைக் கொடுத்ததும் வாந்தி ஆரம்பித்துவிடும். ஒரு கையில் கயிறு, ஒரு கை வயிற்றில். ஓடுகிற வள்ளத்தைவிட நிற்கிற வள்ளம்தான் ஆட்டும், அதனால்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். மாமாவும் அப்படித்தான் சொன்னார்.

கார் வந்த வாரம் மாமாவுக்குத் துறைமுகத்திலிருந்து ஒரு சேதி வந்தது. கப்பல்களில் வருகிறவர்களை ஊருக்குள் கூட்டிவரவும் திரும்பக் கொண்டுவிடவும் ஒரு ஆபீசுக்குக் கார் வேண்டும், டிரைவரும் வேண்டும். திங்கட்கிழமை காலையில் வண்டியோடு வந்தால் வேலை. வராவிட்டால் பக்கத்து நாசரேத் ஊர்க்காரர் ஒருவர் காரோடு தயாராக நிற்கிறார்.

கார் ஓடினால் மாமா இனிக் கடலுக்கு வரமாட்டார். மாமா வராவிட்டால் அப்பாவுக்குக் கயிறு பிடிக்க ஆள் இல்லை. அப்பா சங்கு குளிக்க முடியாது. ஒன்பது வயசிலும் இது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அப்பா காலையில் காரைச் சுற்றிக்கொண்டு கடலுக்குப் போனார். மாலையில் அதைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் வந்தார்.

சனிக்கிழமை மாமா மாதா கோவிலுக்குப் போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார். கொஞ்ச நேரம் கழித்து அம்மாவும் போய் ஒன்று ஏற்றினாள். இரண்டும் ஒரே பெட்டியில் வாங்கியவை. மாமா என்ன கேட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். நீ என்ன கேட்டாய் என்று அம்மாவிடம் கேட்டேன். சோற்றைத் தின்னு என்றாள்.

கார் சுத்தமாக ஓடாமல் இல்லை. கம்பியை முன்னால் செருகிச் சுற்றினால் பிடிக்கும். பிடித்ததும் வெறிபிடித்த மாதிரி இரையும். அப்புறம் தும்மும். அப்புறம் உடம்பெல்லாம் உதறி நின்றுவிடும். நிற்பதற்கு முன்னால் எங்கோ ஸ்ஸ் என்று ஒரு சத்தம் கேட்கும். பாம்பு என்று அம்மா முதலில் விளக்குமாற்றைக் கொண்டுவந்தாள்.

ஒர்க்ஷாப் வைத்திருந்த அண்ணாச்சி ஒருவரை மாமா அழைத்துவந்தார். பெரிய மீசைக்காரர். மூடியின் ஒரு பக்கத்தைத் தூக்கி, தலையை உள்ளே விட்டு, சத்தத்தைக் கேட்டார். நாங்களும் தலையை விட்டோம்.

இன்ஜினின் பக்கவாட்டில் சொம்பு மாதிரி ஒன்று இருந்தது. கார்புரேட்டர். அதற்குள்தான் பெட்ரோலும் காற்றும் கலக்கும் என்றார். அதன் தலையிலிருந்து ஒரு இரும்புக் குழாய். ஒரு வாய், இரண்டு கை. என் கை நீளம் இருக்கும். கைகள் இரண்டும் இன்ஜினுக்குள் போயின. உள்ளே சிலிண்டர் நாலு. ஒரு கைக்கு இரண்டு. அந்தக் குழாய்க்குப் பெயர் மேனிபோல்டு.

"இன்ஜினுக்கு யாரும் ஊட்ட வேண்டாம்," என்றார் அண்ணாச்சி. "பிஸ்டன் கீழ இறங்கும்போது தானா உறிஞ்சும். இளநீருல பப்பாளித் தண்டைப் போட்டு உறிஞ்சுதோம்லா, அதுதான். ஒரு இளநீ, நாலு பேரு. ஒருத்தன் மாத்தி ஒருத்தன் குடிக்கணும்."

தண்டில் ஓட்டை இருந்தால் என்று நான் கேட்டேன்.

"காத்துதாம் வரும். இளநீ வராது. அதாம் இப்ப நடக்கு."

அந்தக் குழாயில் சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு மூக்கும் இருந்தது. அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் முன்கண்ணாடி வைப்பருக்குப் போனது. இன்ஜின் உறிஞ்சுகிற உறிஞ்சலிலேயே வைப்பர் ஆடுமாம். வண்டி நிற்கும்போது வேகமாக ஆடும். வண்டி வேகமெடுத்தால் ஆடாது. மழையில் வழி தெரிய வேண்டுமென்றால் வண்டியை நிறுத்த வேண்டும். வெள்ளைக்காரன் புத்திசாலி என்று மாமா சொன்னார்.

இன்னொன்றும் இருந்தது. மேனிபோல்டுக்குக் கீழே ஒட்டினாற்போலப் புகை போகிற குழாயை வைத்திருந்தார்கள். பெட்ரோல் குளிர்ந்தால் குழாய்ச் சுவரில் வேர்வை மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கீழேயிருந்து புகையின் சூடு படும்போது ஆவியாகி ஒழுங்காகப் போய்ச் சேரும். அதற்காக. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஓட்டை எங்கே என்று பார்க்க அண்ணாச்சிக்குத் தெரிந்த வழி, சந்தேகம் வரும் இடத்தில் ரெண்டு சொட்டுப் பெட்ரோல் விடுவது. ஓட்டையில் விழுந்தால் இன்ஜின் சத்தம் சட்டென்று சீராகும். மேலே எல்லா இடத்திலும் விட்டார். சீராகவில்லை. அடிப்பக்கம் விட மாட்டேன் என்றார். கீழே சூட்டுக்குழாய், பெட்ரோல் விழுந்தால் காரும் போகும், தன் மீசையும் போகும் என்றார். காரைப் பற்றி அவருக்கு அவ்வளவு கவலை இல்லை.

குழாயைக் கழற்றி, தண்ணீருக்குள் வைத்து, உள்ளே காற்றடித்துப் பார்க்க வேண்டும் என்று முடிவாயிற்று. குமிழி வருகிற இடம் ஓட்டை. அண்ணாச்சியிடம் இருந்த கால் பம்பு சைக்கிளுக்கும் லாரிக்கும் பொருந்தும். இதற்குப் பொருந்தவில்லை.

"பம்பு எங்க வீட்லயே இருக்கு," என்றார் மாமா. அப்பாவைத்தான் சொன்னார்.

அப்பாவின் மூச்சு தெருவுக்கே தெரிந்தது. கயிறு பிடிக்கிறவர்கள் நேரத்தை அருள் நிறை மரியே செபம் சொல்லித்தான் எண்ணுவார்கள். வேகமாகச் சொன்னால் மற்றவர்களுக்கு ஐந்து, ஆறு. அப்பாவுக்கு ஒன்பது. ஒருமுறை பத்து போய் மாமா மயங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் துணி துவைக்கிற தொட்டியில் தண்ணீர் நிறைத்தோம். தெருவே வந்து சுற்றி நின்றது. குழாயின் ஒரு கையை மாமா உள்ளங்கையால் அடைத்தார். மறு கையை நான் அடைத்தேன். வைப்பர் மூக்கில் அண்ணாச்சியின் கட்டைவிரல். வாய் அப்பாவுக்கு.

"ஏலே, காருக்கு ஞானஸ்நானம் குடுக்காவ," என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். ஞானத்தகப்பன் யார் என்று இன்னொருவர் கேட்டார். மீசைக்காரர்தான் என்றார்கள்.

அப்பா குனிந்தார். வாயை வைத்தார். கன்னம் இரண்டும் உப்பின. கழுத்து நரம்பு புடைத்தது. கண் சிவந்தது. நாங்கள் தண்ணீரைப் பார்த்தோம். ஒரு குமிழியும் இல்லை. இன்னொரு தடவை ஊதினார். இல்லை. நிமிர்ந்து தொட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பத்துப் பாகம் ஆழத்துக்குப் போய் வந்தாலும் அப்பா அப்படி வாங்கி நான் பார்த்ததில்லை. குழாய் அவ்வளவு கெட்டி என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணாச்சி கையைத் துடைத்தார். குழாய் நன்றாக இருக்கிறது, அப்படியானால் கோளாறு இன்ஜினுக்குள்தான், அதற்கு மருந்து கிடையாது, கோழியைப் பிடித்துத் திரும்ப உள்ளே விடுங்கள் என்றார். கூட்டம் சிரித்தது. அம்மா அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போனாள். அவள் முகம் நிம்மதியாக இருந்தது.

மாமா சிரிக்கவில்லை. குழாயை எடுத்துத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"மச்சான், பன்னெண்டு வருஷமா உங்க மூச்சு என் கையிலதாம் இருக்கு. இது உங்க மூச்சு இல்ல."

அப்பா வேட்டியைப் பிழிந்தார்.

"தொட்டித் தண்ணிக்கு அவ்வளவுதாம் வரும்."

"அப்பம் கடல்ல பாப்போம்."

இத்தனை பேர் நடுவில் அப்பா மாட்டேன் என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை கடலில் வள்ளம் இறக்குவது பாவம் என்று அம்மா உள்ளேயிருந்து சொன்னாள். அப்பா ஆமாம் என்றார். அவர் அவ்வளவு சீக்கிரம் அம்மாவை ஆமோதித்தது அன்றுதான்.

"மீன் பிடிக்கப் போறோமா, சங்கு எடுக்கப் போறோமா? ஓட்ட பாக்கப் போறோம்," என்றார் மாமா. "இன்னைக்கு அது வள்ளம் இல்லக்கா. ஒர்க்ஷாப்பு."

மூன்றாவதாக ஒரு ஆள் வேண்டியிருந்தது. தெருவில் யாரும் பாவத்துக்கு வரவில்லை. அண்ணாச்சிக்கு நீச்சல் தெரியாது. முதல் முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை எனக்கு இன்னும் ஆகவில்லை, அதனால் பாவம் ஒட்டாது என்று மாமா கண்டுபிடித்தார். பொம்பளைப் பிள்ளையை வள்ளத்தில் ஏற்றலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, ஒர்க்ஷாப்புக்கு அந்தச் சட்டம் இல்லை என்றார்.

வெயில் ஏறியிருந்தது. கடல் குளம் மாதிரி கிடந்தது. மாமா பாடவில்லை. அப்பா தண்டு வலித்து வள்ளத்தை ஓட்டினார். மூன்று பாகம் ஆழமுள்ள இடத்தில் கல்லைப் போட்டு நிறுத்தினோம். ஒரு பாகம் என்றால் ஒருவன் இரண்டு கையையும் விரித்த நீளம். அடியில் மணலும் கல்லும் அப்படியே தெரிந்தன.

குழாயின் இரண்டு கைகளிலும் தேங்காய் மட்டையைச் செதுக்கிச் செருகி, சைக்கிள் டியூப்பைச் சுற்றிக் கட்டியிருந்தோம். மூக்கில் மெழுகு. குழாயின் இடுப்பில் ஒரு கயிறு. அந்தக் கயிற்றை மாமா என்னிடம் கொடுத்தார்.

"ஏளா மருமவளே. ஒங்கப்பன் கயிறு எனக்கு. காரு கயிறு ஒனக்கு. ஊதி முடிச்சதும் அவிய குழாய விட்டுருவாவ. நீ விடாத."

நான் விடமாட்டேன் என்றேன்.

அப்பா முகக்கண்ணாடியை மாட்டி இறங்கினார். குழாயின் வாயில் வாயை வைத்தார். புட்டிப்பால் குடிக்கிற பிள்ளை மாதிரி இருந்தது. அப்படியே ஒரு ஆள் ஆழத்துக்கு இறங்கி நின்றார். மாமா இன்னொரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குப்புறப் படுத்து, தலையை மட்டும் தண்ணீருக்குள் விட்டார். ஒரு கையில் அப்பாவின் கயிறு.

நான் அருள் நிறை மரியே எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று. ஒன்றும் நடக்கவில்லை. அப்பா குழாயைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார். ஐந்தில் மாமா தலையைத் தூக்கி, வாந்தி எடுத்து, "ஊதலியே" என்று சொல்லி, திரும்பவும் தலையை விட்டார். ஆறு. ஏழு. எட்டு. ஒன்பது. பத்து.

பத்தாவதில் ஊதினார்.

குழாயின் அடிப்பக்கம், ஒரு கை வளைகிற இடத்தில், ஊசியில் கோத்த மாதிரி ஒரு வெள்ளிக் கோடு கிளம்பி மேலே வந்தது. குமிழி. மேலே வந்து வள்ளத்தின் பக்கத்தில் படபடவென்று வெடித்தது. மாமா தண்ணீருக்குள் வைத்தே கூவினார். ஒரு வாய் கடலைக் குடித்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கைதட்டினேன்.

கைதட்ட இரண்டு கையும் வேண்டும்.

அப்பா மேலே வந்தார். குழாயை விட்டுவிட்டுத்தான் வந்தார். அதுதான் பேச்சு. மாமா என்னைப் பார்த்தார். நான் என் கைகளைப் பார்த்தேன். கயிற்றின் வால் தண்ணீரில் வழுக்கிப் போய்க்கொண்டிருந்தது.

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அப்பாவுக்குக் கோபமே இல்லை. காலையிலிருந்து அந்த முகத்தில் இருந்த இறுக்கம் கூடப் போயிருந்தது. "சின்னப்பிள்ள. விடுலே," என்று மாமாவிடம் சொன்னார். தானே எடுத்துத் தருவதாகச் சொல்லி உள்ளே போனார்.

வெறும் கையோடு வந்தார். மணல்தான் கிடக்கிறது என்றார். திரும்பப் போனார். இந்தப் பக்கம் இல்லை என்றார். மூன்றாம் முறை போய் ஒரு சிப்பியை எடுத்துவந்து என் மடியில் போட்டார். மாமா மூன்று தடவையும் வாந்தி எடுத்தார். நீரோட்டம் இழுத்துக்கொண்டு போயிருக்கும், இனிக் கிடைக்காது, போகலாம் என்றார் அப்பா. பத்துப் பாகத்தில் மணலுக்குள் புதைந்து கிடக்கிற சங்கை, மேலே இரண்டு கோடு தெரிந்தால் எடுத்துவிடுகிறவர் அவர். என் கை நீள இரும்புக் குழாய் அவருக்குத் தெரியவில்லை.

மாமா வாயைத் துடைத்தார். அப்பாவின் இடுப்பிலிருந்த கயிற்றை அவிழ்த்துத் தன் இடுப்பில் கட்டினார். இறங்குவதற்காக அப்பா வைத்திருக்கும் பாரக்கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மாமா அதுவரை ஒரு நாளும் சங்கு குளித்ததில்லை. கரையோரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பார், அவ்வளவுதான்.

"ஏலே மாப்ள, வேண்டாம்லே. ஒனக்குத் தெரியாது."

"நீங்க பிடிப்பியள்லா," என்று சொல்லிக் கயிற்று முனையை அப்பா கையில் வைத்தார். கண்ணாடியைச் சரிசெய்தார். சாக்கு மூட்டையைத் தள்ளிவிட்ட மாதிரி விழுந்தார்.

அப்பா கயிறு பிடித்து நான் பார்த்ததில்லை. அவரும் பிடித்ததில்லை. பச்சைப் பிள்ளையைக் கையில் கொடுத்த மாதிரி அதை வைத்துக்கொண்டு நின்றார். நான் முதல் அருள் நிறை மரியே பாதி சொல்வதற்குள் இழுத்துவிட்டார். மாமா கல்லோடு மேலே வந்தார்.

"நான் வெட்டலியே மச்சான்."

"வெட்டின மாதிரி இருந்துது."

மாமா திரும்பப் போனார். இந்தத் தடவை ஒன்று முடிந்தது. இரண்டாவது தொடங்கும்போது அப்பா இழுத்துவிட்டார். மாமாவுக்குக் கோபம் வந்தது. அவர் அப்பாவிடம் கோபப்பட்டு நான் அன்றுதான் பார்த்தேன்.

"பன்னெண்டு வருஷத்துல ஒரு நாளாவது நீங்க வெட்டாம நான் இழுத்திருக்கேனா?"

மாமா மூன்றாவது தடவை போனார்.

அப்பா கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். குனிந்து தண்ணீரைப் பார்த்தார். மணல் கலங்கி ஒன்றும் தெரியவில்லை. நான் எண்ணினேன். இரண்டாவது முடியும்போது அப்பாவும் என்கூடச் சேர்ந்து சொல்ல ஆரம்பித்தார். மூன்றாவதை எனக்கு முன்னால் சொல்லி முடித்தார். நாலாவதில் சத்தம் வரவில்லை, உதடு மட்டும் ஆடியது. ஐந்தாவதில் வள்ளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

நான் சிரித்துவிட்டேன். பிறந்ததிலிருந்து கடலில் கிடக்கிற மனுஷன். கடல் அன்று அசையக்கூட இல்லை.

கயிறு வெட்டியது. அப்பா இழுத்த இழுப்பில் மாமா சூரை மீன் மாதிரி வள்ளத்துக்குள் வந்து விழுந்தார். முழங்கால் சிராய்த்திருந்தது. மூக்கில் ரத்தம். நெஞ்சோடு குழாயைக் கட்டிப் பிடித்திருந்தார். அதைப் பிரிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"அங்கனதாம் கெடந்துது மச்சான்," என்றார் மூச்சு வந்ததும். "வெட்டவெளியில. கல்லுப் பக்கத்துல."

"என் கண்ணுல படல," என்றார் அப்பா.

மாமா அப்பாவைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"மணலு கலங்கியிருக்கும்," என்றார்.

அப்பா முதலில் போனபோது தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். கயிற்றை விட்டவள் நான் என்பதால் பேசாமல் இருந்தேன்.

திரும்பும்போதும் அப்பாதான் தண்டு வலித்தார். மாமா குழாயைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். பாதி வழியில் அப்பா கேட்டார்.

"ஏலே மாப்ள. தெனமும் இப்படித்தானா?"

"எது?"

"மேல."

மாமா கண்ணைத் திறக்கவில்லை. "சில நாளு கொஞ்சம் கூட இருக்கும்," என்றார்.

வாந்தியைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்தேன்.

கரையில் அண்ணாச்சி காத்திருந்தார். உப்பு போகக் குழாயை நல்ல தண்ணீரில் நாலு தடவை கழுவினார். மாமா காட்டிய இடத்தைச் சுரண்டிப் பார்த்தால் மயிரிழை அளவுக்கு ஒரு கீறல். கீழே இருந்த சூட்டுக்குழாய் வருஷக்கணக்காகச் சுட்டுச் சுட்டு வந்த கீறல் என்றார். பித்தளையை உருக்கி வைத்து அடைத்தார். விளக்கு வைப்பதற்குள் மாட்டியாயிற்று. கம்பியைச் சுற்றியதும் இன்ஜின் பிடித்தது. தும்மவில்லை. உதறவில்லை. தூங்குகிற பூனை மாதிரி ஒரு சத்தம். வைப்பர் தானாக ஆடியது. தெரு கைதட்டியது. நானும் தட்டினேன், கையில் கயிறு இல்லை என்று பார்த்துக்கொண்டு.

வீட்டுக்குப் போனதும் நான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது, குழாய் பக்கத்திலேயே கிடந்தும் தெரியவில்லை என்றேன். மாமா கயிற்றை வெட்டுவதற்கு முன்னாலேயே அவரை இரண்டு தடவை இழுத்துவிட்டார் என்றேன். அப்பாவும் வாந்தி எடுத்தார் என்று அவர் எடுத்த மாதிரி எடுத்துக் காட்டினேன். அம்மா சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அன்று ராத்திரி மாமாவுக்கு மீன் தலையை வைத்தாள். அது எப்போதும் அப்பாவுக்கு வைப்பது. அப்பா கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அப்பா சங்குக்குப் போகவில்லை. வலைக்குப் போனார். வேறு ஒருவனைக் கயிறு பிடிக்க வைக்கலாமே என்று பலர் சொல்லிப் பார்த்தார்கள். கண் சரியில்லை என்றார். நான் சொன்னதைத்தான் எல்லோரிடமும் சொன்னார். எண்பது வயதுவரை கண்ணாடி போடாமல் வலைக்கண் கோத்தார்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் மாமா வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படியச் சீவி, காரில் ஏறி உட்கார்ந்தார். பனியில் நின்ற வண்டி பிடிக்கவில்லை. இறங்கிக் கம்பியைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப ஏறினார். மாமா மணியைப் பார்த்தார். தெருவில் ஆண்கள் எல்லோரும் கடலுக்குப் போயிருந்தார்கள். அப்பா மட்டும் வாசலில் பல் துலக்கிக்கொண்டு நின்றார். கொப்புளித்துத் துப்பிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காரின் பின்னால் போய் இரண்டு கையையும் வைத்தார். ஆறு பேர் தள்ளிவந்த வண்டி. ஒற்றை ஆளாகத் தள்ளினார். கோவில் திருப்பத்துக்கு முன்னால் இன்ஜின் பிடித்துவிட்டது. நீலப் புகை வந்தது. இனித் தள்ள வேண்டியதில்லை. கார் தன்பாட்டுக்கு ஓடுகிறது. ஆனால் அப்பா கையை எடுக்கவில்லை. வண்டியின் பின்னால் கையை வைத்தபடியே, புகைக்குள் ஓடிக்கொண்டிருந்தார். மாமாவும் வேகத்தைக் கூட்டவில்லை. திருப்பம் வரைக்கும் அப்படியே போனார்கள்.

அப்பாவுக்கும் காரில் ஏற ஆசை, வெட்கப்பட்டுக்கொண்டு கேட்கவில்லை என்று நான் நினைத்தேன்.